பவுடர் மருந்தில் சேராது

நோயாளி எதையோ மறைக்கிறார் என்று நர்ஸும், நர்ஸுக்கு என்ன தெரியும் என்று நோயாளியும் மாறி மாறிச் சந்தேகப்படுவதிலேயே எங்கள் தொழிலில் பாதி நேரம் போய்விடும். நான் மெல்பனின் மேற்குப் பக்கம், டார்னெய்ட்டில் ஒரு கிளினிக்கில் நர்ஸ் பிராக்டிஷனர். அதாவது மேற்கொண்டு படித்து, நானே பரிசோதித்து, நானே மருந்து எழுதித் தரும் உரிமை வாங்கிய நர்ஸ். போதாததற்கு எங்கள் வாசல் பலகையில் ‘இன்டிக்ரேட்டிவ் கேர்’, அதாவது எல்லாவற்றையும் ஒருங்கிணைத்துப் பார்க்கும் வைத்தியம் என்று வேறு எழுதியிருக்கிறார்கள். வயிற்றுவலி என்று வந்தாலும் தூக்கம், சாப்பாடு, வேலை, வீட்டுக் கவலை எல்லாவற்றையும் விசாரிப்போம். நம்மவர்களிடம் இதையெல்லாம் கேட்டுப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும்.

டொக்டர் எங்கே?

யாழ்ப்பாணத்து அங்கிள் ஒருவர் முழங்கால் வலி என்று வந்தார். உள்ளே நுழைந்ததும் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். டாக்டரை நான் எங்கோ ஒளித்து வைத்திருக்கிறேன் என்ற நினைப்பு. கதிரையில் உட்காரவைத்து, காலை மடக்கி நீட்டிப் பார்த்து, பிரஷர் பார்த்து, என்ன சாப்பிடலாம், எப்படி நடக்கலாம் என்று எழுதியும் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

நேராக வரவேற்பு மேசைக்குப் போனவர் அங்கே இருந்த பெண்ணிடம் சொன்னது என் அறைவரைக்கும் கேட்டது: “பிள்ளை வடிவாத்தான் பாத்தவ, ஒரு குறையும் இல்லை. இனி அது சரியோ எண்டு கேக்க ஒரு டொக்டரைக் காட்டுங்கோ.”

எல்லாம் நல்லாதான் இருக்கு

செல்வகுமார் ஐ.டி.யில் வேலை. நாற்பது வயது, விழுப்புரத்துக்காரர். இரண்டு மாதமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலி, மலச்சிக்கல், படி ஏறினாலே களைப்பு. மனைவி கீதாவும் கூட வந்திருந்தார். தூக்கம் எப்படி என்றேன். நல்லாதான் இருக்கு என்றார். வேலை? நல்லாதான் இருக்கு. வீட்டில்? அதுவும் நல்லாதான் இருக்கு. முகத்தைப் பார்த்தால் ஒன்றும் நல்லா இல்லை. கண்ணுக்கு அடியில் கருவளையம், இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடக்கிறது.

நான் தட்டச்சு செய்யச் செய்ய அவர் கழுத்து என் திரைப் பக்கமே நீண்டது. கடைசியில் கேட்டேவிட்டார்: “சிஸ்டர், இங்கயே நிரந்தரமாத் தங்குறதுக்கான பிஆர் எனக்கு இன்னும் வரல. தூக்கம் வரலைன்னு சொன்னா இமிக்ரேஷனுக்குப் போயிடுமா?”

அது மருந்தே இல்ல

அடுத்த முறை வந்தபோது வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்று மூன்று விதமாகக் கேட்டேன். மூன்று தடவையும் இல்லை என்றார். கீதா கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். நானும் இந்த வேலையில் பல வருடம் குப்பை கொட்டியவள். ஜிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு பழைய காபித்தூள் பாட்டில் வெளியே வந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் பொடி. லேபிள் இல்லை. சர்க்கரை நோய்க்காகக் காலையும் மாலையும் ஒரு சிட்டிகை, தேனில் குழைத்து, ஐந்து மாதமாகச் சாப்பிடுகிறாராம்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொடி. ஈயம், பாதரசம் ஏதாவது கலந்திருக்குமோ என்று எனக்குப் பகீரென்றது. உடனே நிறுத்துங்கள், இரத்தம் எடுத்துப் பார்ப்போம் என்றேன். அவருக்கு வந்ததே கோபம்: “போர்டுல இன்டிக்ரேட்டிவ்னு எழுதி வெச்சுக்கிட்டு என் பவுடரை மட்டும் சந்தேகப்படுறீங்களே?”

மதுரை மச்சான்

இரத்தத்தில் ஈயம் எக்கச்சக்கமாக இருந்தது. வலி, சிக்கல், சோகை எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். அவரோ மிஷின் தப்பு என்றார், புதுவீட்டுப் பெயின்ட் என்றார், கீதாவின் பித்தளைப் பாத்திரத்தின் மேலும் பழியைப் போட்டார். கீதா முதல்முறையாகக் குரலை உயர்த்தி, அந்தப் பாத்திரம் இன்னும் பரணில் பெட்டிக்குள்ளேதான் இருக்கிறது என்றார். இன்னும் கொஞ்ச நாள் சாப்பிட்டால் நரம்பு பாதிக்கும், சிறுநீரகம் கெடும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ரிப்போர்ட்டைப் படம் பிடித்து, மதுரையில் டாக்டராக இருக்கும் மச்சானுக்கு அனுப்பினார். மச்சான் வீடியோ காலிலேயே வந்துவிட்டார். மூன்று நிமிடம் வாங்கு வாங்கென்று வாங்கினார். அந்த மனுஷனுக்குக் கோவில் கட்டலாம் என்று தோன்றியது.

செல்வகுமார் போனை அணைத்துவிட்டு, பெரிய மனதோடு சொன்னார்: “மச்சான் சொன்னதாலதான் நிறுத்துறேன். நீங்க சொன்னீங்கன்னு நினைச்சுக்காதீங்க.”

எங்கே வாங்கினது?

பெரிய ஆஸ்பத்திரியின் நிபுணரிடம் அனுப்பினோம். இரண்டு மாதத்தில் அளவு நன்றாக இறங்கியது, முகத்தில் களை வந்தது. ஆனால் பொடி எங்கிருந்து வந்தது என்று மட்டும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து ஊரான ட்ருகனினாவில் ஒருவர் வீட்டு கராஜில் வைத்துக் கொடுக்கிறார் என்பதோடு சரி. இன்னும் எத்தனை பேர் சாப்பிடுகிறார்களோ, சுகாதாரத் துறைக்கு விலாசம் சொல்லியாக வேண்டும் என்று நான் கெஞ்சினேன். யாரைக் காப்பாற்றுகிறீர்கள் என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.

அவர் கீதாவைப் பார்த்தார். கீதா தரையைப் பார்த்தார். பிறகு செல்வகுமாரே மெதுவாகச் சொன்னார்: “உங்க வீட்டுக்காரர்தான் சிஸ்டர் கூட்டிட்டுப் போனாரு. சனிக்கிழமை பேட்மின்டன் ஆடுறப்ப பழக்கம். அவரும் அதைத்தான் சாப்பிடுறாரு.”

என் வீட்டுக்காரருடைய சர்க்கரை கொஞ்ச நாளாக இறங்கியிருந்தது. என் சிறுதானியச் சமையலால்தான் என்று கிளினிக் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். வீட்டுக்குப் போய்க் கேட்டேன். மறைக்கவில்லை. ஷூ அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஏன் சொல்லவில்லை என்றேன். “நீ எதை எடுத்தாலும் சந்தேகப்படுவே, அதான்” என்றார். மறுநாளே இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். முடிவு இன்னும் வரவில்லை.

டார்னெய்ட்டில் ஒரு வீட்டுச் சமையலறையைக்கூட நம்பாத நான், என் வீட்டிலேயே பொடியைச் செருப்போடு வைப்பார்கள் என்று மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டேன்.