மரம்வெட்டி அக்காவின் மலை

நாற்பது லட்சம். ஒன்பது ஆண்டுகளில் அவர் வெட்டிச் சாய்த்த மரங்களின் எண்ணிக்கை இது. குத்துமதிப்புதான், அதுவும் குறைத்துச் சொன்ன குத்துமதிப்பு. இத்தனைக்கும் அவர் கோடரியைக் கையால் தொட்டதில்லை. வீட்டில் வெங்காயம் நறுக்குவதுகூடக் கணவர்தான். ஆனாலும் அலுவலகத்தில் அவருக்கு மரம்வெட்டி என்றுதான் பெயர். வயதில் சிறியவர்கள் மரியாதை சேர்த்து மரம்வெட்டி அக்கா என்பார்கள்.

நில அளவைப் படம் தயாரிக்கும் அந்த அலுவலகத்தின் மூன்றாவது அறையில், ஏசி சொட்டும் இடத்துக்கு நேர் கீழே அவருடைய மேஜை. சொட்டுக்கு ஒரு வாளி, அக்காவுக்கு இரண்டு திரை. வேலையும் எளிதில் சொல்லிவிடக் கூடியதுதான். குட்டி விமானம் ஒன்று வயலில் ஏர் ஓட்டுவதுபோல ஊருக்கு மேலே போய்த் திரும்பி, போய்த் திரும்பிப் பறக்கும். பறந்துகொண்டே தரையை நோக்கி லேசர் ஒளியை அனுப்பும். போன ஒளி எதிலாவது பட்டுத் திரும்பிவர எவ்வளவு நேரமாகிறது என்பதை வைத்து அந்த இடத்தின் உயரத்தைக் கணக்கிடுவார்கள். இதற்கு லைடார் என்று பெயர். ஒரே ஒரு சிக்கல், லேசருக்கு ஆள் அடையாளம் தெரியாது. தரையில் பட்டாலும் ஒரு புள்ளி, வேப்பமரத்தில் பட்டாலும் ஒரு புள்ளி, மொட்டை மாடியில் காயும் போர்வையில் பட்டாலும் ஒரு புள்ளி. கோடிக்கணக்கான புள்ளிகள் கொசுக்கூட்டம்போல வந்து இறங்கும். அதில் தரை எது, தரைமேல் நிற்பது எது என்று பிரித்து, நிற்பதையெல்லாம் நீக்கி, வெறும் தரையை மட்டும் மிச்சம் வைக்க வேண்டும். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கண்டுபிடிக்க வெறும் தரைதான் தேவை.

பெரும்பகுதியை மென்பொருளே பிரித்துவிடும். அது திருதிருவென முழிக்கும் இடங்கள்தான் அக்காவிடம் வரும். ஓரம் சுவர்போலச் செங்குத்தாக இருந்தால் கட்டடம், புசுபுசுவென்று இருந்தால் மரம், மெல்ல ஏறி மெல்ல இறங்கினால் தரை. அக்கா ஒரு நாளில் தெருத்தெருவாக வீடுகளைக் காலி செய்துவிட்டு, ஐந்தரை மணிக்கு அமைதியாகச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். குடும்பப் புகைப்படம் எதைக் காட்டினாலும் பின்னால் நிற்கும் மரத்தைத்தான் முதலில் பார்ப்பார். "நல்லா வந்திருக்கு, ஆனா இந்தச் செடியை எடுத்திருக்கலாம்" என்பார்.

வேலையில் அவருக்கு ஒரே ஒரு குறை. அவருடைய ஊர் தட்டை. மேஜைமேல் வைத்த தட்டுபோலத் தட்டை. சைக்கிளை எங்கே விட்டாலும் விட்ட இடத்திலேயே நிற்கும். உயரத்தை அளக்கும் வேலையில் சேர்ந்த மனிதருக்கு, உயரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. சமையல்காரருக்குப் பசியே இல்லாத வீட்டில் வேலை கிடைத்த கதை.

அப்படி இருக்கும்போதுதான் இந்த வருடம் ஆற்றோரப் பகுதியின் புள்ளிகளில் ஒரு மேடு வந்தது. மைதானத்தின் நடுவே மெல்ல ஏறி, வழவழவென்று வளைந்து, மெல்ல இறங்கியது. உயரம் இரண்டு ஆள். மென்பொருளுக்குச் சந்தேகம். அக்காவுக்கோ ஆசை. முறைப்படி வான்படத்தை எடுத்து ஒத்துப் பார்த்தார். அதில் மைதானம் வெறும் பச்சையாக இருந்தது. அந்தப் படம் வேறொரு மாதம் எடுத்தது. "மேலேருந்து பாத்தா மேடும் பச்சை, பள்ளமும் பச்சை. உயரமா தெரியப்போகுது?" என்று தனக்குத்தானே வாதாடித் தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். அந்தப் பகுதி ஊரின் மறுகோடி. தம்பி வீடு அங்கேதான் என்றாலும், அக்கா அங்கே போய் நாளாகிவிட்டது. தம்பிதான் இங்கே வந்து சாப்பிடுவான்.

ஒன்பது வருடமாக எல்லாவற்றையும் நீக்கியே பழகியவருக்கு ஊருக்கு ஒன்றைக் கொடுக்கும் வாய்ப்பு. மேட்டைத் தரை என்று குறித்துவிட்டார். பக்கத்தில் நின்ற ஒரு சின்னச் செடியை மட்டும் வெட்டினார்.

படம் வெள்ளத் தடுப்புத் துறைக்குப் போயிற்று. அங்கிருந்த பொறியாளர் அதைப் பார்த்துப் பூரித்துப்போனார். ஆற்றோரத்து மக்கள் வெள்ளத்தில் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் அவர் தூக்கம் கெட்டிருந்த நேரம் அது. மேட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார். தெருவுக்குத் தெரு பலகை அடித்தார். சனிக்கிழமை காலை ஒத்திகை, மழைக்காலம் அடுத்த வாரம் தொடக்கம்.

வியாழக்கிழமை மாலை தம்பி சாப்பிட வந்தான். கூடாரமும், காற்றடித்த விளையாட்டு மெத்தைகளும் வாடகைக்கு விடுகிற தொழில். அதனால் பலூன் என்று பெயர்.

"அக்கா, எங்க தெருவுல அம்புக்குறி போட்டிருக்காங்க. மேட்டுக்கு வழின்னு. அந்தப் பக்கம் போனா மைதானம்தான் வருது. மேடு எங்கன்னு நாலு பேரைக் கேட்டுட்டேன். யாருக்கும் தெரியலை."

"மைதானத்துலதான்டா மேடு. நான்தான் கண்டுபிடிச்சேன்."

"நான் தினமும் அங்கதான் கூடாரம் மடிக்கிறேன்."

"கண்ணால பாத்தா தெரியாதுடா. மெல்ல ஏறும்."

"ரெண்டு ஆள் உயரம் ஏறினா எனக்கு மூச்சு வாங்காதா?"

கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த மாமியார் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். வீட்டுக்குள் இதைவிட நல்ல நிகழ்ச்சி தொடங்குவது அவருக்குத் தெரிந்துவிட்டது. "இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்ச மேடு வேகத்தடை ஒண்ணுதான்" என்றார்.

அக்கா மடிக்கணினியைத் திறந்தார். மேட்டுக்கு நிழல் கொடுத்து, மேலிருந்து பார்ப்பதுபோலத் திருப்பிக் காட்டினார். வழவழப்பான முதுகு. ஒரு முனையில் சற்றே தள்ளித் தள்ளி இரண்டு சின்னப் புடைப்பு. மறுமுனை ஒடுங்கிப்போய், இரண்டாகப் பிரிந்து அகன்றிருந்தது. பொறியாளர் அதை அழகான இரட்டைச் சரிவு என்று அறிக்கையில் பாராட்டியிருந்தார்.

பலூன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தான்.

"அக்கா, இது நம்ம திமிங்கிலம்."

"எது?"

"புதுசா வாங்கினேனே, பசங்க ஏறிக் குதிக்கறது. இது கண்ணு. இது வாலு. வாங்கின வாரமே காத்து எறங்கிடுச்சு. ஓட்டை எங்கன்னு பாக்க மைதானத்துல முழுசா ஊதி வெச்சு, சோப்புத் தண்ணி ஊத்திட்டிருந்தேன். அப்பதான் மேல ஒரு விமானம் போய்ப் போய் வந்துது. கையெல்லாம்கூட ஆட்டினேன்."

அக்கா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தார். நீக்கிய புள்ளிகளை மட்டும் திரும்ப வரவழைத்தார். திமிங்கிலத்தின் பக்கத்தில், தான் வெட்டிய அந்தச் சின்னச் செடி எழுந்து நின்றது. அதற்கு இரண்டு கால் இருந்தன. ஒரு கிளை மேலே தூக்கியிருந்தது.

"என்னைச் செடின்னு வெட்டிட்டியா?"

"புசுபுசுன்னு இருந்துதுடா."

"முடி வெட்டிக்கோன்னு அன்னைக்கே சொன்னேன்" என்றார் மாமியார்.

சிரிப்பு அடங்குவதற்குள் அக்கா திமிங்கிலத்தையும் நீக்கினார். நீக்கிவிட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மைதானம் மேடாக இல்லாதது மட்டுமல்ல, அந்தப் பகுதியிலேயே அதுதான் பள்ளம். நாலா பக்கத்துத் தண்ணீரும் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். அம்புக்குறிகளை நம்பினால், மழை கொட்டும் நாளில் ஆற்றோரத்து ஜனம் மொத்தமும் வரிசையாக வந்து கிண்ணத்துக்குள் இறங்கி நிற்கும்.

வெள்ளிக்கிழமை காலை முதல் ஆளாகப் போய்ப் பிரிவுத் தலைவரின் அறையில் நின்றார். தலைவர் நல்ல மனிதர். சனி, ஞாயிறுக்கு முந்தைய நாளில் கெட்ட செய்தி கேட்பதில்லை என்பது மட்டும் அவருடைய கொள்கை.

"சார், அந்த மேடு மேடு இல்லை."

"பின்ன?"

"திமிங்கிலம்."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க சரிபார்த்தீங்க, நான் கையெழுத்துப் போட்டேன், அச்சாகிப் பலகையும் அடிச்சாச்சு. இப்ப வந்து தரையில மேடு இல்லைன்னா, தரைதான் ஏதோ தப்புப் பண்ணியிருக்கு."

"சார், அடுத்த வாரம் மழை."

"நாளைக்கு ஒத்திகை நடக்கட்டும். திங்கட்கிழமை பேசிக்கலாம்."

அக்கா பொறியாளருக்குத் தொலைபேசியில் முயன்றார். அவர் ஒலிபெருக்கிக்கும் குடிநீர் வண்டிக்கும் ஏற்பாடு செய்யும் மும்முரத்தில் இருந்தார். கடைசியில் எடுத்தவர், "மேட்டைக் கண்டுபிடிச்ச மேடமா? நாளைக்கு அவசியம் வந்துடுங்க, உங்களுக்கு ஒரு மாலை இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சனிக்கிழமை மைதானம் நிரம்பி வழிந்தது. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள், வந்திருந்தார்கள். ஒருவர் தொலைக்காட்சிப் பெட்டி, ஒருவர் மிக்ஸி, ஒருவர் இரண்டு வாத்து. ஒரு பெரியவர் நாற்காலியோடு வந்து, வந்த வேகத்தில் அதில் உட்கார்ந்துவிட்டார். மருமகளுக்கு மாலை போடுவதைப் பார்க்க மாமியார் நல்ல புடவையில் வந்திருந்தார். மாலை விழாது என்பது அவருக்குத் தெரியும். அதற்காகவே வந்திருந்தார் என்றும் சொல்லலாம்.

பொறியாளர் ஜீப்மேல் ஏறி ஒலிபெருக்கியைப் பிடித்தார். "தண்ணி வந்துடுச்சுன்னு நினைச்சுக்குங்க. எல்லாரும் பதறாம, வரிசையா மேட்டுமேல ஏறுங்க."

கூட்டம் இப்படியும் அப்படியும் பார்த்தது.

"எதுமேல சார்?"

பொறியாளர் படத்தைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார், படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

"திருப்பினா மேடு வராது சார்" என்றது ஒரு குரல்.

"தண்ணியை மட்டும் நினைச்சுக்கணுமா, மேட்டையும் நினைச்சுக்கணுமா? முன்னாடியே சொல்லிடுங்க" என்றது இன்னொன்று.

தலைவர் கூட்டத்தின் பின்னால் நின்று வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். பேசாமல் இருந்துவிட்டால் திங்கட்கிழமைவரை தப்பித்துக்கொள்ளலாம். அக்கா வாத்துக்காரரைத் தாண்டி, நாற்காலிப் பெரியவரைச் சுற்றி, ஜீப்பின் படியில் ஏறி, ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கினார்.

"மேடு இங்க இல்லைங்க. படத்துல நான்தான் தப்பா வெச்சுட்டேன். விமானம் வந்த அன்னைக்கு இங்க ஒரு காத்தடிச்ச திமிங்கிலம் இருந்துது. அதைத்தான் மேடுன்னு நினைச்சுட்டேன். இந்த மைதானம்தான் இருக்கறதுலயே பள்ளம். மழை வந்தா யாரும் இந்தப் பக்கம் வராதீங்க."

"இப்ப அந்தத் திமிங்கிலம் எங்க?" என்றார் நாற்காலிப் பெரியவர்.

"மடிச்சு வெச்சிருக்கேங்க. வாடகைக்குக் கிடைக்கும்" என்று கூட்டத்துக்குள்ளிருந்து பலூன் கையைத் தூக்கினான்.

சிரிப்பு ஒரு மூலையில் கிளம்பி மறுமூலைவரை போய்த் திரும்பியது. பொறியாளர் மட்டும் சிரிக்கவில்லை. "சரிங்க மேடம், தப்பு நடந்துடுச்சு. ஆனா இவங்க எங்கதான் ஏறுவாங்க? படம் முழுக்கத் தேடிட்டேன், வேற உயரமான இடமே இல்லை" என்றார்.

அக்கா பதில் சொல்ல வாயெடுத்து, கூட்டத்தின் தலைகளுக்கு மேலே பார்த்தார். மைதானத்தின் எதிர்ப்பக்கம், அகலமான படிக்கட்டும் வரிசையான ஜன்னல்களுமாக, மூன்று மாடியில் ஒரு பள்ளிக்கூடம் நின்றது. அரை நாள் உட்கார்ந்து சுவர் சுவராக அவர் நீக்கிய பள்ளிக்கூடம்.

"சார், அதோ."

பொறியாளர் திரும்பினார். "இது எப்படிப் படத்துல இல்லாம போச்சு?"

"நான் எடுத்துட்டேன் சார்."

"பள்ளிக்கூடத்தையா?"

"ஊரையே எடுத்துட்டேன். வெறும் தரை வேணும்னு நீங்கதானே கேட்டீங்க. அதுல வீடு, கடை, தண்ணித்தொட்டி எதுவும் இருக்காது. தண்ணி ஓடறதைப் பாக்கத்தான் அந்தப் படம் சார். ஆள் ஏறறதைப் பாக்க அது உதவாது."

"நம்ம வீடு?" என்றார் முன்வரிசையிலிருந்து மாமியார்.

"அதையும்தான் அத்தை. மூணு வருஷம் முன்னாடியே."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை."

பொறியாளர் பள்ளிக்கூடத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். படத்தில் இல்லாத ஒன்று இவ்வளவு பெரிதாக நிற்பதை ஜீரணிக்க அவருக்கு நேரம் தேவைப்பட்டது. பிறகு படத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒலிபெருக்கியைத் திரும்ப வாங்கினார். "ஒத்திகை இப்பதான் ஆரம்பிக்குது. எல்லாரும் அந்தப் படிக்கட்டு" என்றார். பள்ளிக் காவலாளி சாவியைத் தேடி எடுத்துவர, கூட்டம் மிக்ஸியும் வாத்துமாக மாடி ஏறியது. நாற்காலிப் பெரியவரை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கினார்கள். இரண்டாவது மாடித் தாழ்வாரத்தில் நின்று எண்ணிப் பார்த்தபோது எல்லோரும் நின்றது போக இடம் மிச்சமிருந்தது. தலைவரும் ஏறி வந்து, இந்த யோசனை தனக்கு முதலிலேயே இருந்ததாக யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று மாலைக்குள் அம்புக்குறிப் பலகைகள், மைதானத்தில் இறங்காத வழியாகப் பள்ளிக்கூடப் பக்கம் திருப்பி அடிக்கப்பட்டன. மேடு என்ற சொல்லின்மேல் மாடி என்று எழுதிய தாளை ஒட்டினார்கள். திங்கட்கிழமையிலிருந்து அக்கா, ஊரில் மாடியுள்ள பொதுக் கட்டடங்களை ஒவ்வொன்றாகத் தனிப் படமொன்றில் திரும்ப வைக்கிறார். முதலில் ஆற்றோரம், அது முடிந்ததும் சந்தைப் பகுதி.