மே மாதங்களில் ஆரம்பாக்கம் போய்வந்த எங்கள் நைனா

1. சென்ற ஆண்டு மே மாதம் கோர்ட்டு விடுமுறை விட்டதும், எங்கள் நைனா திருவள்ளூரிலிருந்து ஆரம்பாக்கத்தில் உள்ள தம் அக்கா வீட்டுக்குச் சைக்கிளில் புறப்பட்டார். நானும் அவருடைய நண்பர்கள் முனுசாமி மாமாவும் தாமஸ் மாமாவும் உடன் சென்றோம்.

2. அத்தை வீட்டில் ஓர் இரவு தங்கினோம்.

3. மறுநாள் காலை நாங்கள் கிளம்பும்போது அத்தை "போயிட்டு வா" என்று சொல்லவில்லை. "போ" என்று சொன்னார்.

4. திரும்பும்போது சுண்ணாம்புகுளம் வழியாக ஏரியைப் பார்த்துவிட்டு வந்தோம்.

5. வீடு திரும்பிய சில நாட்களில் நைனாவுக்கு மார்பு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்தது.

6. அத்தை வந்தார், அழுதார், சொல்லிக்கொள்ளாமல் போனார். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

பிறந்த ஊரில் தொடங்கி எழுதுவதுதான் முறை. ஆனால் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்கள் பலர் மூன்றாவது செய்தியைத் தங்களுக்குள் பேசிக்கொண்டிருப்பதை நான் அறிவேன். அதனால் இந்தப் பட்டியலை முதலில் வைத்தேன்.

நைனா ஆரம்பாக்கத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்தார். அவரைக் குளிப்பாட்டிச் சோறூட்டி வளர்த்தவர் அத்தைதான். அத்தைக்குக் கல்யாணம் பேசியபோது, "தம்பியும் கூட வருவான்" என்பதை நிபந்தனையாகவே வைத்தாராம். அத்தை நாற்று நட்ட கூலியில்தான் நைனா பள்ளி இறுதி வகுப்பு வரை படித்தார். பிறகு திருவள்ளூர் கோர்ட்டில் வேலை கிடைத்தது. சம்மனைச் சைக்கிளில் கொண்டுபோய் ஊர் ஊராகக் கொடுக்கும் வேலை.

அந்த வேலையில் ஒரு கஷ்டம் உண்டு. நைனா தெருவில் திரும்பினாலே கதவு சாத்துவார்கள். ஒருமுறை வேப்பம்பட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். நைனா ஒருவரையும் கடிந்து பேசியதில்லை. "வருசம் பூரா நம்பள பாத்தா மூஞ்சி திருப்பிக்கிற ஊட்டுக்குப் போறேன். மே மாசந்தான் 'வா'ன்னு சொல்ற ஊட்டுக்குப் போவேன்" என்பார். அதனால் கோர்ட்டு மூடியதும் அதே சைக்கிளில் உறவினர் வீடுகளுக்குக் கிளம்பிவிடுவார். முனுசாமி மாமா கோர்ட்டு வாசலில் மனு டைப் அடிப்பவர். தாமஸ் மாமா பள்ளி ஆசிரியர். இருவருக்கும் அந்த மாதம் ஓய்வு. நான் சிறுமியாக இருந்தபோது நைனாவின் முன்கம்பியில் உட்கார்ந்து போனேன். பாலிடெக்னிக் சேர்ந்த பிறகு என் சைக்கிளில் போனேன்.

பெரியபாளையம் தாண்டினால் ஆரணியாற்று மணல். அங்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கி, நுங்கு வாங்கித் தின்போம். கும்மிடிப்பூண்டிக்கு வரும்போது வெயில் சாய்ந்திருக்கும். அப்போது அங்கே தொழிற்சாலைகள் இல்லை. முள்வேலி போட்ட காலி நிலம்தான். "இங்க இன்னா வரப்போவுதோ" என்று நைனா கேட்டுக்கொண்டே போவார். இன்று அதே நிலத்தில் ஒரு தொழிற்சாலையில் நான் வரைபடம் வரைகிறேன். அவர் அதைப் பார்க்கவில்லை.

எல்லா உறவினர் வீட்டிலும் ஓர் இரவுதான் தங்குவார். அத்தைக்கு அதுதான் ஆறாத குறை. ஒவ்வொரு மே மாதமும் அந்தச் சண்டை நடக்கும். சென்ற ஆண்டும் நடந்தது.

"இன்னாடா, வளத்த ஊட்லயும் ஒரு ராத்திரிதானா?"

"யக்கா, உன் ஊட்லயே குந்திக்கினு இருந்தா மத்த ஊட்டுக்கு யாரு போறது?"

"அப்ப போ. ஒரேடியா போ. இந்தப் பக்கமே வராத. அந்த சைக்கிளையே கட்டிக்கினு அழு."

"அழுவ மாட்டேன். அது உன்னாட்டம் பேஜார் பண்ணாது."

முனுசாமி மாமா சிரித்ததில் வாயிலிருந்த காபி சட்டையில் சிந்தியது. நானும் சிரித்தேன். அத்தையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். வழக்கமாக, நாங்கள் தெருமுனை திரும்புவதற்குள் ஓடிவந்து, "டேய், போயிட்டு வாடா" என்று கத்துவார். அன்று அடுப்பில் பால் பொங்கியது. உள்ளே ஓடினார். நாங்கள் தெருமுனை திரும்பிவிட்டோம்.

அவ்வளவுதான் நடந்தது.

இயந்திரம் நின்றுவிட்டால் காரணங்களை எழுதி, ஒவ்வொன்றாகச் சோதித்து அடித்துவிட வேண்டும் என்று பாலிடெக்னிக்கில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நைனாவின் இதயம் நெடுநாளாகவே பலவீனமாக இருந்தது என்று டாக்டர் சொன்னார். அதோடு மற்றதையெல்லாம் அடித்துவிடலாம். ஆனால் எங்கள் குடும்பத்தில் யாரும் தம்முடைய காரணத்தை அடிக்க விடுவதில்லை. ஏரி வழியாகச் சுற்றிப் போகலாம் என்று தாமே சொன்னதாகத் தாமஸ் மாமா இன்றும் சொல்கிறார். எதிர்க்காற்றில் பந்தயம் கட்டியது தாம்தான் என்கிறார் முனுசாமி மாமா. அந்த வாரம் நைனா களைப்பாக இருந்ததைக் கவனித்தும் கேட்காமல் விட்டதாக அம்மா சொல்கிறார். என் தொழிற்சாலையிலிருந்து ஆரம்பாக்கம் இரண்டாவது ஸ்டேஷன். நான் வேலையில் சேர்ந்து மாதங்கள் ஆகியும் அத்தையைப் போய்ப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தால் அவருக்கு அந்தக் காலை நினைவு வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குத்தான் பயம்.

இந்த மே மாதம் கோர்ட்டு மூடியதும் மாமாக்கள் இருவரும் வந்து நின்றார்கள். நைனாவின் சைக்கிளை முனுசாமி மாமா எடுத்துக்கொண்டார். அதே வழியில் போனோம். ஆற்றில் நுங்கு விற்பவர், "இன்னொருத்தர் எங்க?" என்று கேட்டார். நாங்கள் வாங்கித் தின்றோம். இனிப்பாக இருந்தது. அது எனக்கு உறுத்தியது.

அத்தை எங்களைப் பார்த்ததும் சோறு வைத்தார். அவருடைய மகன் என்னைத் தனியே அழைத்துச் சொன்னான்: "ஒரு வருசமா நான் ஷிப்டுக்குக் கெளம்பறப்ப அம்மா வாசலுக்கே வர்றதில்ல. தோட்டத்துக்குப் போய் நின்னுக்குது. வாய் தொறந்தா இன்னா வருமோன்னு பயப்படுது."

மறுநாள் காலை நாங்கள் கிளம்பியதும் அத்தை தோட்டத்துக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன்.

"அத்தே, நைனா சைக்கிள் இங்கியே இருக்கட்டும். திதி முடிஞ்சி நான் வந்து எட்துக்கறேன்."

"அய்யே, வேணாம்டி, எட்துக்கினு போ—" என்றவர் சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் அங்கேயே நின்றேன். அத்தை முந்தானையை வாயிலிருந்து எடுத்து, "நின்னுக்கினே இருந்தா காத்து எறங்கிடும்" என்றார்.

"அப்பப்ப அடிச்சி வைங்க அத்தே."

வாசலில் முனுசாமி மாமா, "அப்ப நான் இன்னாத்துலம்மா போறது?" என்றார். "கேரியர்ல குந்து. ரயிலடி வரைக்கும் நான் மிதிக்கிறேன்" என்றார் தாமஸ் மாமா. முனுசாமி மாமா கண்களைத் துடைத்துக்கொண்டே குந்தினார்.

நைனாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கேட்ட உடனே வண்டி பூட்டிய எதிர்வீட்டு அண்ணன், காரியம் முடியும் வரை அம்மாவை விட்டு நகராத பக்கத்துவீட்டு அக்கா, கோர்ட்டு நண்பர்கள், இரு மாமாக்கள் ஆகிய அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. உறவினர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அத்தை திதிக்கு வந்தால் அந்தக் காலையைப் பற்றி யாரும் பேச வேண்டாம். துக்கக் காரியத்துக்கு வந்தவர்களிடம் "போயிட்டு வாங்க" என்று சொல்லக்கூடாது என்பது வழக்கம். அத்தை கிளம்பும்போது நான் அதைச் சொல்வேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் வரை அத்தை திதிக்கு வருகிறாரா என்று தகவல் இல்லை. சைக்கிள் ஆரம்பாக்கத்தில் இருக்கிறது. தினமும் காலையில் காற்று அடிக்கிறாராம்.