இரண்டு நடுப்பகுதிகள்

பெப்ரவரி மாதத்தில் ஒரு புதன்கிழமை, மாலை ஐந்து மணிப் பாடம். வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டின் நிலத்தடிப் பேஸ்மென்ற்றில், பதினொரு வயது மாணவி ஒருத்திக்குப் பியானோ வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டை வேகமாக மாறி மாறி அடிக்கும் ஓர் அலங்காரம். முப்பது வருடமாக யோசிக்காமல் செய்துவந்த காரியம். அன்று வலது கையின் மோதிர விரல் எழும்பவில்லை. விழுந்த இடத்திலேயே கிடந்தது.

மாணவி உன்னிப்பாகக் கேட்டாள். தன் முறை வந்ததும், நான் தடுக்கிய இடத்தில் தானும் அதேபோலத் தடுக்கி வாசித்தாள்.

"இப்பிடியோ அன்ரி?"

"இல்லை. அது என்ரை பிழை" என்றேன். குளிர் என்று நினைத்துக் கையைத் தேய்த்துக்கொண்டேன்.

இதை வாசிக்கும் உங்களில் சிலருக்கு இதே நோய் வந்திருக்கலாம். அல்லது வந்தவரின் பக்கத்தில் நீங்கள் இருக்கலாம். உங்களுக்காகவே எழுதுகிறேன். இதற்கு நல்ல முடிவு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பகுதியை என் குரல் இருந்த நாட்களில் ஒலிப்பதிவாகச் சொன்னேன். என் கணவர் சிறீ கேட்டு எழுதினார். கடைசிப் பகுதி வேறு விதமாக எழுதப்பட்டது. அதை அங்கே சொல்கிறேன்.

அன்று நான் வாசித்த அலங்காரம் வரும் பியானோ சொனாட்டா, பதினெட்டாம் நூற்றாண்டில் ஒஸ்திரியாவில் வாழ்ந்த ஓர் இசையமைப்பாளருடையது. நூற்றுக்கு மேற்பட்ட சிம்பனிகள் எழுதியவர். கூட வேலை செய்த வாத்தியக்காரர்கள் அவரை அப்பா என்று அழைத்தார்களாம். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் கிழவர். சிறீ வைத்தது. பாடம் முடிந்து நான் மேலே ஏறி வரும்போது, "கிழவர் விட்டிட்டாரோ? சாப்பிடுவமோ?" என்று கேட்பார். இங்கும் அந்தப் பெயரிலேயே எழுதுகிறேன்.

பிள்ளைகளைக் கூட்டி வரும் பெற்றோர் இசைப் பரீட்சைப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "உந்த மனிசன் ஆர் ரீச்சர்? எங்கடை பிள்ளை ஏன் உவரை வாசிக்க வேணும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அவர்களுக்காக அவருடைய வாழ்க்கையைத் தமிழில் ஒரு சின்னப் புத்தகமாக எழுதத் தொடங்கியிருந்தேன். நான்கு அத்தியாயங்கள் முடிந்திருந்தன. வண்டிச் சில்லுச் செய்பவரின் மகன். ஆறு வயதளவில் வீட்டை விட்டுப் போய், பிறகு வியன்னாவில் பெரிய தேவாலயத்தில் பாடியவன். குரல் உடைந்ததும் தெருவுக்கு அனுப்பப்பட்டவன். கூரைக்கடியிலிருந்த ஓர் ஒழுகும் அறையில், பூச்சி அரித்த பழைய வாத்தியமொன்றின் முன்னால் இருந்து தானே படித்தவன். பிறகு ஏறக்குறைய முப்பது வருடம் ஒரு பிரபு வீட்டில் வேலையாள். சீருடை அணிந்து, தினமும் கட்டளைக்குக் காத்திருந்து, அந்தக் காத்திருப்புக்கு இடையில் இசை எழுதியவர். ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவை கடலைக் கடந்து லண்டனுக்குப் போனவர். ஐந்தாவது அத்தியாயம் முதுமை. அதற்கு ஒரு முதற்பிரதி மட்டும் எழுதி வைத்திருந்தேன்.

குடும்ப மருத்துவர் மணிக்கட்டில் நரம்பு அழுந்தியிருக்கலாம் என்றார். கையால் வேலை செய்பவர்களுக்கு வருவதுதானாம். ஒரு பட்டி தந்தார். நான்கு மாதம் கட்டினேன். சின்ன விரலும் விழுந்தது. குக்கரைத் தூக்க இரண்டு கையும் தேவைப்பட்டன. ஜூன் மாதத்தில் குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்றபோது, மேற்கையில் தோலுக்கடியில் ஏதோ நெளிவதைக் கண்டேன். ஃபாசிகுலேஷன் (தசை இழைகள் தாமாகவே துடிப்பது) என்ற சொல் அப்போது எனக்குத் தெரியாது. வலிக்கவில்லை. அதனால் ஒருவருக்கும் சொல்லவில்லை. நீங்கள் அப்படிச் செய்யவேண்டாம். முன்னதாகச் சொல்லியிருந்தால் என் நோய் மாறியிருக்காது. ஆனால் அந்த ஒரு மாதம் நான் தனியாகப் பயந்திருக்கத் தேவையில்லை.

ஈ.எம்.ஜி. (தசைக்குள் மெல்லிய ஊசி செலுத்தி அதன் மின்செயலைப் பார்க்கும் சோதனை) செய்தார்கள். அந்த இயந்திரத்தில் ஓர் ஒலிபெருக்கி உண்டு. கையைத் தளரவிடச் சொன்னார் சோதனை செய்தவர். ஓய்ந்திருக்கும் தசை சத்தம் போடாதாம். என்னுடையது சட்டியில் கடுகு வெடிப்பதுபோல வெடித்தது. அதில் தாளம் ஏதும் இருக்கிறதா என்று என்னை அறியாமல் காது தேடியது. இல்லை.

ஆகஸ்டில் நரம்பியல் மருத்துவர் கூப்பிட்டார். சிறீயும் மகள் மயூரியும் என்னோடு வந்தார்கள். மருத்துவர் ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார். நோயின் பெயர் ஏ.எல்.எஸ். (தசைகளை இயக்கும் நரம்புக் கலங்கள் படிப்படியாக அழியும் நோய்; தொடுகை, பார்வை, செவி பெரும்பாலும் அப்படியே இருக்கும்). மாற்ற மருந்தில்லை. சிறிது தாமதப்படுத்தும் மாத்திரை ஒன்று உண்டு.

இருபத்தெட்டு வருடம், புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில் ஆங்கிலத்தில் வேலை செய்த சிறீ, அன்று மருத்துவரைப் பார்த்துத் தமிழில் கேட்டார்: "கை திரும்பி வருமோ டொக்டர்?"

மயூரி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். மருத்துவர் தலையசைத்து ஒரு சொல்லில் பதில் சொன்னார். அந்தப் பதிலை மயூரி மொழிபெயர்க்கவில்லை.

திரும்பும்போது சிறீ 401 நெடுஞ்சாலையில் கிழக்கே ஓடிக்கொண்டேயிருந்தார். ஒஷாவாவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. கை தன் பாட்டில் அந்த வழியே போய்விட்டது. அஜக்ஸ் தாண்டும்போதுதான் நாங்கள் இறங்கவேண்டிய எக்ஸிற்றை எப்போதோ விட்டுவிட்டோம் என்று மூவருக்கும் தெரிந்தது. அவர் அடுத்த எக்ஸிற்றில் இறங்கிக் காரைத் திருப்பினார்.

நவம்பரில் இடது கையும் தளர்ந்தது. மாணவர்களை வேறொரு ஆசிரியரிடம் அனுப்பினேன். டிசம்பரில் பேஸ்மென்ற் படியில் விழுந்தேன். அதன் பிறகு நான் கீழே போகவில்லை. வரவேற்பறையில் கட்டில் போட்டார்கள். சிறீ வேலையை விட்டார். சொல்லும்போது இது ஆறு வாக்கியம். நடக்கும்போதும் ஏறக்குறைய அவ்வளவு வேகம்தான்.

அந்தக் கட்டிலில் கிடந்து ஐந்தாவது அத்தியாயத்தின் முதற்பிரதியை மயூரியை வாசிக்கச் சொன்னேன். அவள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். "முதுமையில் அவர் புகழோடும் மனநிறைவோடும் ஓய்வெடுத்தார்" என்று இருந்தது. நன்றாக இருந்த காலத்தில் நான் எழுதிய வாக்கியம். அதை வெட்டச் சொன்னேன்.

நடந்தது அதுவல்ல. எழுபது வயது தாண்டியபோது அவருடைய கால்கள் வீங்கின. ஞாபகம் தடுமாறியது. வாத்தியத்தின் முன் இருந்தால் தலை சுற்றியது. ஆனால் இசை மட்டும் நிற்கவில்லை. எண்ணங்கள் விடாமல் துரத்துகின்றன, சித்திரவதையாக இருக்கிறது என்று பார்க்க வந்தவர்களிடம் முறையிட்டார். வேகமான இசை மனதில் வந்தால் நாடி வேகமாக அடிக்கும். மெதுவான இசை வந்தால் நாடி மெதுவாகும். எழுத மட்டும் முடியாது. தன் கற்பனை தன்னையே ஒரு வாத்தியமாக வைத்து வாசிக்கிறது என்ற பொருளில் சொன்னாராம்.

இதை முன்பும் நான் வாசித்திருக்கிறேன். அழகான பேச்சு என்று நினைத்திருந்தேன். இப்போது எனக்கும் அதுதான் நடக்கிறது. கிழவரின் மெதுவான பகுதியொன்று தலைக்குள் தொடங்கும். எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று எல்லாம் தெரியும். போர்வையின் மேல் பத்து விரலும் அசையாமல் கிடக்கும். அதில் அழகு ஒன்றுமில்லை. நிறுத்தத் தெரியாத சத்தம் அது.

அவருடைய கடைசி வேலை, நான்கு தந்தி வாத்தியங்களுக்கான ஒரு குவார்ட்டெற். நான்கு பகுதிகள் இருக்கவேண்டும். நடுவிலுள்ள இரண்டை மட்டும் எழுதினார். தொடக்கமும் முடிவும் இல்லை. சில வருடம் காத்திருந்துவிட்டு, அப்படியே அச்சிடக் கொடுத்தார். தன் வலுவெல்லாம் போய்விட்டது என்று சொல்லும் தன்னுடைய பழைய பாட்டின் முதலடியை ஒரு சிறிய அட்டையில் அச்சடித்து வைத்திருந்தார், நலம் விசாரிப்பவர்களுக்குக் கொடுப்பதற்கு. வராத முடிவுக்குப் பதிலாக அந்த அடியையே அச்சான இசைத்தாளின் கடைசியில் போட்டார்கள்.

"அவர் அதை முடிக்கவில்லை. முற்றுப்புள்ளி போடு" என்றேன். அப்போதே என் நாக்கு தடித்துவிட்டது. மயூரி குனிந்து காதைக் கிட்டக் கொண்டுவந்து கேட்டாள்.

"அம்மா, இது கிட்ஸ் வாசிக்கிற புக். இப்பிடி என்ட் பண்ணேலாது."

"அப்பிடித்தானே முடிஞ்சது."

அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். "அந்த ரெண்டு பார்ட்டும் நல்லதோ?"

"ஓம். நல்லது."

"அதையாவது எழுதட்டோ?"

எழுதச் சொன்னேன். புத்தகத்தின் கடைசி வாக்கியம் அதுதான்.

அதே கிழமை மூச்சுப் பரிசோதனைக்குப் போனோம். இரவில் அணியும் மூச்சு முகமூடி (காற்றை அழுத்தி நுரையீரலுக்குள் தள்ளும் கருவி) இனிப் பகலிலும் தேவை என்றார் மருத்துவர். அதுவும் போதாத காலம் வரும். அப்போது ட்ரக்கியோஸ்ரமி (தொண்டையில் துளையிட்டு மூச்சு இயந்திரத்தை நிரந்தரமாக இணைப்பது) செய்யலாம்; செய்யாமலும் விடலாம். இப்போதே முடிவைச் சொல்லி எழுதி வைப்பது நல்லது, பிறகு சொல்ல முடியாமல் போகலாம் என்றார்.

நான் வேண்டாம் என்றேன். மருத்துவர் எங்களை மூவராக விட்டுவிட்டு வெளியே போனார்.

"அம்மா, யூ கேன் லிவ். வருசக்கணக்கா. ஏன் வேண்டாமெண்டுறீங்கள்?"

"ரெண்டு பேர் எந்நேரமும் பக்கத்திலை நிக்க வேணும். அப்பா வேலையை விட்டிட்டார். அடுத்தது நீ விடுவாய்."

"தற்ஸ் மை சொய்ஸ்."

"இது என்ரை."

அது முழு உண்மையல்ல. கண்ணிமையும் அசையாமல் போகும் நாள் வரலாம் என்று வாசித்திருந்தேன். அன்றைக்கும் அந்த இசை உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்து என்று ஒருவரிடமும் சொல்ல முடியாது. அந்தப் பயத்தை இருபத்துநாலு வயதுப் பிள்ளையின் தலையில் போட எனக்கு விருப்பமில்லை. இதை எழுதும் சிறீக்கு இப்போதுதான் தெரியும்.

மயூரி அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, ஏதாவது சொல்லுங்கோவன்."

சிறீ என் காலுறையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். நிமிராமல், "அவ சொல்லுறதை எழுதச் சொல்லு, பிள்ளை" என்றார்.

அவள் எழுந்து போய்விட்டாள். நாங்கள் வாகனத் தரிப்பிடத்துக்கு வந்தபோது காரின் பின் இருக்கையில் இருந்தாள். அன்றிலிருந்து அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து என் வாயிலுள்ள எச்சிலை உறிஞ்சி எடுக்கிறாள், முகம் துடைக்கிறாள். ஒரு குறையும் வைக்கவில்லை. என்னை மன்னிக்கவுமில்லை. மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு உரிமையிருக்கிறதா என்று தெரியவில்லை.

உங்களுக்கு இரண்டு விடயம் சொல்லவேண்டும். குரல் இருக்கும்போதே பதிவு செய்து வையுங்கள். பெரிய பேச்சு வேண்டாம், "தண்ணி", "திருப்பி விடுங்கோ", "இடக்கால்" போன்ற சொற்களை. அடுத்தது, எழுத்தட்டையைத் தேவைப்படும் முன்பே செய்து பழகுங்கள். மருத்துவமனையில் கண் அசைவைப் படிக்கும் கணினி தந்தார்கள். என் இமைகள் தளர்ந்துவிட்டதால் அது அடிக்கடி என்னைத் தொலைத்துவிடும். சிறீ காலைச் சாப்பாட்டுச் சீரியல் பெட்டியொன்றை வெட்டி அட்டை செய்தார். மேலே பன்னிரண்டு உயிரெழுத்து, கீழே பதினெட்டு மெய். அவர் விரலை நகர்த்துவார். சரியான எழுத்தில் இமைப்பேன். முதலில் மெய், பிறகு உயிர். ஒரு "தி" சொல்ல இரண்டு இமைப்பு. "ஓம்" என்பதற்கு ஒரே ஒரு இமைப்பு.

மறு வருடம் அக்டோபரில் குரல் போனது. இனி வருவது அட்டையால் எழுதியது.

புத்தகம் அச்சாகிவிட்டது. நாற்பது பக்கம். பெற்றோர் சிலர் வந்து வாங்கிப் போனார்கள். அழுதவர்களும் உண்டு. நானாகப் புத்தகத்தை எடுத்துப் பார்க்க முடியாது. சிறீ என் கையில் வைத்தார். அதன் பாரம் தெரிந்தது.

உடம்பு மரத்துப் போகவில்லை. தோல் அரிக்கும் கடி, குளிர், நோவு எல்லாம் தெரியும். ஒன்றுக்கும் பதில் சொல்லத்தான் முடியாது.

நேரமும் மாறிவிட்டது. ஒரு சொல்லுக்குள் நெடுநேரம் இருக்கிறேன்.

நேற்று முற்பகல் வெயில் முகத்தில் விழுந்தது. பனியில் பட்டு வரும் வெயில். கண் கூசியது. சிறீயைப் பார்த்தேன். அட்டையை எடுத்தார். த். இ. ஒரு தடவை தவறவிட்டு மறுபடி தொடங்கினார். ர். கண்ணைத் துடைத்துவிட்டார். ஐ.

அதற்குள் வெயில் என்னை விட்டுச் சுவருக்குப் போயிருந்தது. மஞ்சளாக, யன்னல் கம்பியின் நிழலோடு. பார்த்துக்கொண்டிருக்க விருப்பமாக இருந்தது.

"திரையோ. சரி" என்று எழும்பினார். எனக்கு முதுகு காட்டிப் போனார். முதுகோடு நான் பேச முடியாது. திரையை இழுத்து மூடினார். அறை இருண்டது.

"இப்ப சரியோ?" என்றார்.

இமைத்தேன்.