நாற்பத்திரண்டாம் பக்கத்துக் கழுதை

“வானமே இடிஞ்சு தலையில விழட்டும், அச்சடிச்சதுல ஒரு புள்ளியைக்கூட நான் மாத்த மாட்டேன்!” என்று லிஃப்ட் இன்ஸ்பெக்டர் சபதம் எடுத்தது, சரித்திர முக்கியத்துவம் வாய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்.

அந்த மேஜையில் வாராவாரம் பகடை உருளும்; ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதைக்குள் புகுந்து ஆடும் விளையாட்டு. மனைவி மந்திரவாதி, மச்சினன் வாள்வீரன், எதிர்வீட்டுத் தையல்காரம்மா திருடி. கடையில் வாங்கிய சாகசப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இவர்களைக் காட்டுக்குள்ளும் குகைக்குள்ளும் ஓட்டிச் செல்பவர் இன்ஸ்பெக்டர். புத்தகம் தேர்ந்தெடுப்பதும் அவருக்கு லிஃப்டைப் பரிசோதிப்பது போலத்தான். தையலை இழுத்துப் பார்ப்பார், வரைபடங்களை எண்ணுவார், பக்கம் ஏதும் விட்டுப்போயிருக்கிறதா என்று சரிபார்ப்பார். கதை எப்படி என்று மட்டும் பார்க்க மாட்டார்.

முதல் புத்தகம் ஒரே சுரங்கத்தை எட்டு மாதம் சுற்றியது, அப்போது கூட ஆடிய மருந்துக்கடைக்காரர் கழன்றுகொண்டார். இரண்டாவதில், “விடுதிக்காரன்தான் துரோகி. இதை விளையாடுபவர்களிடம் சொல்லக் கூடாது” என்பதையும் கணீரென்று வாசித்துத் தொலைத்தார். உடன் ஆடிய ஓவிய ஆசிரியரும் போனார்.

“அதையுமா மாமா படிப்பீங்க?” என்று தலையில் அடித்துக்கொண்டான் மச்சினன்.

“அச்சடிச்சிருக்கே, மச்சான்!”

“விடுடா. இவரு லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாக்கூட விதிமுறையைப் பாத்துட்டுத்தான் கத்துவாரு” என்றாள் மனைவி.

மூன்றாவது புத்தகத்தில் மூட்டை சுமக்க ஒரு நொண்டிக் கழுதை வந்து சேர்ந்தது. தையல்காரம்மா மிச்சத் துணியில் அதற்கு நிஜமாகவே ஒரு குல்லாய் தைத்து மேஜையில் வைத்துவிட்டார்.

“சார், இது செத்துச்சுன்னா அடுத்த வாரத்துலேருந்து நான் வரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.”

இன்ஸ்பெக்டர் அந்தச் சபதத்தை எடுத்தது இதைக் கேட்டுத்தான். ஆனால் தையல்காரம்மாவும் போனால் மிஞ்சுவது மூன்றே பேர். அதற்குப் பெயர் விளையாட்டல்ல, குடும்பச் சண்டை.

அடுத்த ஞாயிறு தொங்குபாலம் வந்தது. நாற்பத்திரண்டாம் பக்கம் ஈவிரக்கமில்லாமல் சொன்னது: ‘பாலம் அறுந்து விழுகிறது. கழுதை பள்ளத்தில் விழுந்து சாகிறது. பகடை உருட்டத் தேவையில்லை.’ பாலம் அறுந்தது வரை வாசித்த இன்ஸ்பெக்டரின் விரல், அடுத்த வரியில் ஆணியடித்தாற்போல் நின்றது.

“கழுதை என்னாச்சு, சார்?”

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். வழக்கமான வாசிப்புக் குரலிலேயே சொன்னார்: “கழுதை... அக்கரையில் நின்று புல் மேய்ந்துகொண்டிருக்கிறது.”

மச்சினன் கழுத்தை நீட்டினான். “நிஜமாவே அப்படியா போட்டிருக்கு? காட்டுங்க மாமா.”

“நீ உன் பகடையைப் பாரு” என்றார் அவர், புத்தகத்தை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு.