கை தூக்கியவர்கள்

காசு வாங்கிக்கொண்டு கால்பந்து ஆடிய காலம் முழுக்க நான் டிஃபெண்டர். நான் அடித்த கோல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கை தூக்கியதுதான் அதிகம். எதிரணிப் பெண் எங்கள் கடைசி ஆளையும் தாண்டிப்போய் நிற்கும்போது அவளுக்குப் பந்தை உதைத்தால் அது ஆஃப்சைடு. உடனே நாங்கள் வரிசையாகக் கையைத் தூக்கி, கொடி பிடித்திருக்கும் லைன்ஸ்மேனைப் பார்ப்போம். எந்த ஊர் கிளப்புக்குப் போனாலும் இந்தப் பழக்கம் கூடவே வந்தது. கடைசியில் முழங்கால் மக்கர் பண்ணவே திருவனந்தபுரத்துக்குத் திரும்பி, பதினாலு வயதுக்குட்பட்ட பெண்களுக்குக் கோச் ஆனேன்.

அங்கே எனக்கு வாய்த்த ஃபார்வர்டு, சாலை பஜாரில் அரிசிக்கடை வைத்திருப்பவரின் மகள். அண்ணன்மாரோடு செவன்ஸ் ஆடி வளர்ந்தவள். செவன்ஸ் என்றால் அணிக்கு ஏழு பேர், சின்ன மைதானம், ஆஃப்சைடு என்ற பேச்சே கிடையாது. அதனால் பதினொரு பேர் ஆட்டத்திலும் இவள் நேராக எதிராளி கோல் போஸ்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, அந்தக் கோல்கீப்பரிடம் எந்த ஸ்கூல், எத்தனாவது கிளாஸ் என்று விசாரித்துக்கொண்டிருப்பாள். பந்து வரும், கூடவே கொடியும் ஏறும். தொண்டை கிழியக் கத்துவேன். சிரித்துக்கொண்டே இறங்கி வந்து, கொஞ்ச நேரத்தில் மறுபடி அங்கேயே நிற்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அந்த இடத்தில் அவள் காலுக்குப் பந்து கிடைத்தால் அது கோல்தான். அதையும் நான் பார்க்காமல் இல்லை.

மாவட்ட ஃபைனலுக்கு முந்தின வாரம் கிளப் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். தங்கமான மனுஷன்தான். பையன்களுக்கு மைதானம் போதவில்லை என்பது மட்டுமே அவர் கவலை. "கப் கிடைச்சா பாக்கலாம் மிஸ். இல்லேன்னா கேர்ள்ஸ் டீமை நிறுத்திரலாம், கேட்டோ" என்றார். பெண்களிடம் நான் மூச்சுவிடவில்லை. சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இருட்டிய பிறகும் யாரும் வீட்டுக்குப் போகாமல் பயிற்சி செய்தார்கள்.

என் அணியில் ஒருத்திக்குக் குச்சிக் கை. ஆனால் கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை எறிந்தால் கோல் வாசல் வரை போகும். அப்படி எறியும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. எல்லா டிஃபெண்டருக்கும் இந்த விதி தெரியும். ஆனால் அவசரத்தில் கை கேட்காது, தானாகத் தூக்கும். அந்தக் கையோடு வாழ்ந்தவள் நான். அரிசிக்கடை மகளிடம், த்ரோ எறியும்போது மட்டும் உனக்குப் பிடித்த இடத்திலேயே போய் நில் என்றேன். நான் கேலி செய்கிறேனா என்று முகத்தையே பார்த்தாள்.

"அவா எல்லாரும் கையைத் தூக்குவா. நீ அதைப் பாக்காதே. விசில் கேட்டா மட்டும் நின்னா போரும்" என்றேன்.

ஃபைனலில் இரண்டு பக்கமும் கோல் இல்லை. முதல் பாதியில் அவளுக்கு எதிராகக் கொடி ஏறிக்கொண்டே இருந்தது. இரண்டாம் பாதியில் பந்து வரும்போதெல்லாம் லைன்ஸ்மேனைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். ஒரு வருஷமாக நான் கத்தியது அன்றைக்குப் பார்த்துத்தான் அவள் மண்டையில் ஏறவேண்டுமா?

ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் எங்களுக்கு ஒரு த்ரோ கிடைத்தது. அவள் மெதுவாக நடந்துபோய் போஸ்டுக்குப் பக்கத்தில் நின்றாள். குச்சிக் கைக்காரி எறிந்த பந்து எல்லார் தலைக்கும் மேலே பறந்து அவள் முன்னால் விழுந்தது. எதிரணி டிஃபெண்டர்கள் ஒன்றாகக் கையைத் தூக்கி நின்றார்கள். அவ்வளவு அழகாகத் தூக்கினார்கள், என் பெண்களாக இருந்தால் மெச்சியிருப்பேன். கோல்கீப்பரும் தூக்கினாள். எங்கள் பெண்ணும் நின்றுவிட்டாள்.

பந்து அவள் காலடியில் இருந்தது. விசில் வரவில்லை. அவள் கொடியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து, கதவைச் சாத்துகிற மாதிரி பந்தை உள்ளே தள்ளினாள்.

எதிரணி கோச் ஓடிவந்து சண்டை பிடித்தார். ரெஃபரி தன் இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், எறிந்து காட்டி விளக்கினார். நான் பெஞ்சில் உட்கார்ந்து மூக்கு ஒழுக அழுதேன். அப்படி ஒரு சந்தோஷம் ஆடிய காலத்தில் எனக்குக் கிடைத்ததே இல்லை.

பரிசளிப்பு முடிந்ததும் செயலாளர் போட்டோவுக்காக முகமெல்லாம் சிரிப்பாக வந்து, கப்பை வாங்கக் கையை நீட்டினார். நான் கப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"டீம் உண்டா இல்லையா? அதைச் சொல்லிட்டு எடுத்துக்கோங்கோ சார்."

பெண்கள் வந்து அவரைச் சுற்றி நின்றார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"உண்டு மிஸ், உண்டு" என்றார்.

அதற்குப் பிறகுதான் கப்பிலிருந்து கையை எடுத்தேன்.