புளி போட்டுத் துலக்கிய டச்சுக் கத்தி

விசா ஆபீஸ் கடிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. சமையலறை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தபோது என் அறைக்கதவுக்கு அடியில் ஒரு தாள் கிடந்தது. கடிதத்தில் இருந்ததெல்லாம் பெரிய பெரிய தமிழ் எழுத்தில் இருந்தது. எழுதியவர் மணியம் அண்ணன். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவர் மலேசியாக்காரர். பென்ரோஸில் கிடங்கு வேலை பார்த்து ஓய்ந்தவர். மவுண்ட் ஆல்பர்ட்டில் அவருடைய மரவீட்டின் பின்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன். முன்னறை ஒன்று எப்போதும் பூட்டியிருக்கும். உள்ளேயிருந்து எண்ணெய் வாசனை அடிக்கும். முன்பின் தெரியாதவர்கள் நீளப் பொட்டலத்தோடு வந்து மெதுவாகப் பேசிவிட்டுப் போவார்கள். 'முருகா, எந்த வீட்டில் கொண்டுவந்து விட்டாய்' என்று தினமும் கும்பிட்டேன்.

ஒருநாள் கேட்டே விட்டேன். திறந்து காட்டினார். டச்சுச் சிப்பாய்கள் துப்பாக்கி முனையில் மாட்டிய பழைய கத்திகள், பதினொன்று. பொட்டலத்தோடு வந்தவர்கள் இவற்றை வாங்கி விற்பவர்கள்.

"பூதக்கண்ணாடில பாரு. கிரீடம், கீழ ஒரு எழுத்து. அது இருந்தாத்தான் அசல். ஆனா அதையும் எவனாவது போலியா அடிப்பான். யாரையும் நம்ப முடியாதுலா."

கடைப் பாலின் தேதியையே இரண்டு தடவை பார்க்கிறவர் அவர்.

கண் ஆபரேஷனுக்குப் போனபோது, மழை வந்தால் சன்னல் சாத்தச் சொல்லி அந்த அறைச் சாவியைக் கொடுத்தார். மறுநாள் ஆயுதபூஜை. இத்தனை ஆயுதம் பொட்டில்லாமல் கிடக்கலாமா? கறுத்துப்போன ஒன்றை எடுத்துப் புளி போட்டுத் துலக்கி, சந்தனம் குங்குமம் வைத்தேன்.

வீடு திரும்பியவர் கத்தியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது என்னோடது இல்ல. அசல யாருக்குக் குடுத்த? போலீசக் கூப்பிடவா?"

விசா இன்னும் வரவில்லை. போலீஸ் வந்தால் என் கதி?

"சாமி சத்தியமா அதேதான்ணே. புளி போட்டுத்தான் துலக்கினேன். சாமிக்கு வைக்கிறத அழுக்கா வைக்கலாமா?"

நெடுநேரம் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கிரீடம் இருந்தது. நுனியில் இருந்த பழைய கீறலும் இருந்தது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நூறு வருசத்துக் கறுப்பு. அதுதான் இதுக்கு அத்தாட்சி. இனி எவன் நம்புவான்?"

"நீங்க நம்புறீங்களாண்ணே?"

"கத்திய நம்புறேன்."

போலீஸ் வரவில்லை. மறுவருஷம் மகளோடு இருக்கப் பெர்த்துக்குப் போனவர் அங்கேயே காலமாகிவிட்டார். விமான நிலையத்தில்தான் கடைசியாகப் பார்த்தேன். உள்ளே போகுமுன் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"போலீசுன்னது சும்மா மிரட்டத்தான், மலர். ஆனா உண்மையச் சொல்லு. புளி மட்டும்தானா?"