எங்களுக்கு முன்பே போன மூட்டை

குற்றாலத்துக்கு வண்டி கட்டுவதென்றால் எங்கள் அப்பா படையெடுப்புக்குக் கிளம்புகிற ராஜா போல ஆகிவிடுவார். ரயில் பஞ்சாங்கம் பார்க்காது என்பதால் அதில் ஏறமாட்டார். வெள்ளியும் ஞாயிறும் மேற்கே சூலம், செவ்வாய் ஆகாது, மீதி நாட்களில் மாடு நொண்டும்.

அந்த வருஷம் நல்ல நேரம் வாய்த்த புதன்கிழமை வண்டியின் அச்சு முறிந்துவிட்டது. அப்பா அசரவில்லை. தம் வேட்டி ஒன்றை மூட்டையாகக் கட்டி, அதே நேரத்தில் மேலத்தெருவில் ஒரு சிநேகிதர் வீட்டில் வைத்துவிட்டு வந்தார். இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். மூட்டை கிளம்பிவிட்டால் நாமும் கிளம்பியதாக அர்த்தம். போகும் வழியில் அதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அச்சு மாற்றி, வண்டியோடு நாங்கள் போய் நின்றபோது சிநேகிதர் வீடு பூட்டிக் கிடந்தது. மூட்டையில்லாமல் போகக் கூடாதென்று அப்பா வண்டியைத் திருப்பிவிட்டார்.

சாரல் காலம் முடிந்த பிறகு சிநேகிதரே மூட்டையோடு வந்தார். "குத்தாலத்துக்குப் போயிருந்தோம் அண்ணாச்சி. இதப் பூட்டுன வீட்டுல போட்டுட்டுப் போக மனசு வரல. கையோட கொண்டு போயிட்டோம்."

அப்பா எங்களைப் பெருமையாகப் பார்த்தார். "நல்ல நேரத்துல வச்சா போய்ச் சேந்திரும்னு சொன்னேம்லா."